பொன்மேல் படுத்த டிராகன்

புதையல் இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும் என்று எங்கள் மூத்தம்மா சொல்லுவார். சிறுவயதில் ஒருநாள் நான், "பாம்புக்குப் பொன் என்னத்துக்கு மூத்தம்மா? அது கடைக்குப் போகுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்குத் தேவையில்ல மகள். மத்தவங்க எடுக்கப்படாது, அவ்வளவுதான்" என்றார்.

பல வருடங்களாக மறந்திருந்த இந்தப் பதில், சென்ற தவணையில் கல்லூரி நூலகத்திலிருந்து இரவல் பெற்ற ஓர் ஆங்கில நாவலை வாசித்தபோது மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்நாவல் ஜே. ஆர். ஆர். டொல்கீன் எழுதிய 'ஹொபிட்'. அதில் வரும் ஸ்மௌக் என்னும் டிராகன், கற்பனைப் புனைகதைகளில் வரும் டிராகன்களுள் மிகவும் பெயர்பெற்ற ஒன்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கிழமைகளில் வாசித்து முடித்தேன். அந்த மூன்று கிழமைகளுக்குள்தான் என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் ஒரு கொப்பிக்காகப் பொய்யும் சொன்னேன். அதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். முதலில் டிராகனைப் பார்ப்போம்.

நூலும் ஆசிரியரும்

டொல்கீன் 1892ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த பேராசிரியர். ஏறக்குறைய ஏழு வயதில் அவர் முதன்முதலாக எழுதிய கதையும் ஒரு டிராகனைப் பற்றியதே. அதில் 'பச்சையான பெரிய டிராகன்' என்ற பொருள்பட ஓரிடத்தில் எழுதினாராம். அவருடைய தாயார் கதையைப் பற்றி ஒன்றும் கூறாமல், 'பெரிய' என்ற சொல்தான் முன்னால் வரவேண்டும் என்று திருத்தினார். ஏன் அப்படி என்று தான் அன்று யோசித்ததாகவும் இன்னும் யோசிப்பதாகவும் முதிர்ந்த வயதில் ஒரு கடிதத்தில் டொல்கீன் எழுதியிருக்கிறார். ஒரு டிராகனும் ஓர் இலக்கண ஐயமும் சேர்ந்துதான் அவரை மொழி ஆராய்ச்சியாளராகவும் கதாசிரியராகவும் ஆக்கின என்று எனக்குத் தோன்றுகிறது.

'ஹொபிட்' 1937ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இலண்டனில் வெளிவந்தது. கையெழுத்துப் பிரதியை வாசித்து, இதைப் பதிப்பிக்கலாம் என்று கருத்துச் சொன்னவன் பதிப்பாளரின் பத்து வயது மகன் ரேனர் அன்வின். அதற்காக அவனுக்குக் கிடைத்த கூலி ஒரு ஷில்லிங்.

கதைச் சுருக்கம் இதுதான். தனிமலை என்னும் மலைக்குள் குள்ளர்கள் ஓர் அரசை அமைத்துப் பொன்னும் மணியும் சேர்த்து வாழ்ந்தார்கள். வடக்கிலிருந்து பறந்துவந்த ஸ்மௌக் அவர்களைக் கொன்றும் விரட்டியும், அருகிலிருந்த டேல் என்னும் ஊரையும் அழித்தது. பிறகு மலைக்குள் இருந்த செல்வம் முழுவதையும் ஒரே குவியலாக்கி அதன்மேல் படுத்துக்கொண்டது. நெடுங்காலத்துக்குப் பின்னர் குள்ளர்களின் அரச வாரிசான தோரின், பன்னிரண்டு தோழர்களுடன் அதை மீட்கப் புறப்படுகிறான். கண்டால்ப் என்னும் மந்திரவாதியின் ஏற்பாட்டில் பதினான்காவது ஆளாகச் சேர்பவர்தான் பில்போ. அவர் ஹொபிட் என்னும் சிற்றுருவ இனத்தைச் சேர்ந்தவர், நேரத்துக்குச் சாப்பிட்டு வீட்டில் இருப்பதையே விரும்புபவர். ஆனால் விரலில் அணிந்தால் உருவத்தை மறைக்கும் ஒரு மோதிரம் வழியில் அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

டிராகனின் பரம்பரை

டிராகன் என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே நிலையான சொல் இல்லை. தமிழ் வேதாகமத்தில் வலுசர்ப்பம் என்று வருகிறது. வேறு சிலர் பறவைநாகம் என்று எழுதுவர். எல்லோருக்கும் விளங்கும் என்பதால் இக்கட்டுரையில் டிராகன் என்றே எழுதுகிறேன்.

ஸ்மௌக் திடீரென்று முளைத்த பாத்திரமன்று. டொல்கீன் தன் தொழிலாகவே கற்பித்த பழைய இலக்கியங்களில் அதற்கு மூத்தோர் இருவர் இருக்கின்றனர்.

முதலாவது, பேயோவுல்ப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் டிராகன். 3182 அடிகளைக் கொண்ட இக்காவியத்துக்கு இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு பழைய கையெழுத்துப் பிரதிதான். அதில் வரும் டிராகன் 300 ஆண்டுகளாகப் புதையலைக் காத்துக் கிடக்கிறது. ஒருவன் உள்ளே புகுந்து ஒரு கிண்ணத்தைத் திருடுகிறான். அந்த ஒன்றுக்காக அது நாட்டையே எரிக்கிறது. வயது முதிர்ந்த அரசனான பேயோவுல்ப் அதை எதிர்த்துப் போரிட்டு, அதைக் கொன்று தானும் இறக்கிறான். உயிரைக் கொடுத்து வென்ற அந்தப் பொன்னை மக்கள் அவனுடைய சமாதியிலேயே மீண்டும் புதைத்துவிடுகிறார்கள். இக்காவியத்தில் வரும் அரக்கரையும் டிராகனையும் குறையாகக் கருதிய அறிஞர்களுக்கு மறுப்பாக, அவையே காவியத்தின் மையம் என்று டொல்கீன் 1936இல் ஆற்றிய உரை இன்றும் பேசப்படுகிறது.

இரண்டாவது, ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் வரும் ஃபாஃப்னிர். இது பிறப்பிலேயே டிராகன் அல்ல. பொன்னுக்காகத் தன் தந்தையையே கொன்று, அப்பொன்னின்மேல் கிடந்து, காலப்போக்கில் டிராகனாக மாறியது. சிகர்ட் என்னும் வீரன் அதன் பாதையில் குழி தோண்டி ஒளிந்திருந்து கீழிருந்து வாளால் குத்துகிறான். இறக்கும் தறுவாயில் ஃபாஃப்னிர் அவனுடன் பேசுகிறது. அவன் தன் பெயரைச் சொல்லாமல் புதிராகப் பதில் கூறுகிறான். இந்தப் பொன் உன்னையும் கொல்லும் என்று அது எச்சரிக்கிறது. பின்னர் அவ்வாறே நடக்கிறது.

கிண்ணத் திருட்டையும் நாடெரிக்கும் கோபத்தையும் முதலாவதிலிருந்தும், பேச்சையும் புதிரையும் வயிற்றுப்பகுதியின் பலவீனத்தையும் இரண்டாவதிலிருந்தும் பெற்றுக்கொண்டதே ஸ்மௌக் எனலாம். இரு கதைகளிலும் டிராகன் இறந்த பிறகும் பொன் தன் வேலையை நிறுத்துவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஸ்மௌக்கின் வலிமை எது?

இந்நாவலை மூன்று திரைப்படங்களாக எடுத்தவர் பீட்டர் ஜாக்சன். ஸ்மௌக் பெரிதும் தோன்றும் இரண்டாம் படம் 2013இல் வந்தது. படத்தைப் பார்த்தவர்களுக்கு ஸ்மௌக் என்றதும் நெருப்பும் சிறகும்தான் நினைவுக்கு வரும். நூலை வாசித்தால் வேறொன்றும் தெரியும். ஸ்மௌக்கின் பெரிய ஆயுதம் அதன் பேச்சு.

பில்போ முதன்முறை உள்ளே போகும்போது ஸ்மௌக் உறங்குகிறது. அவர் இரு கைபிடிகள் உள்ள ஒரு கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார். விழித்த ஸ்மௌக், மலைபோன்ற குவியலில் அந்த ஒரு கிண்ணம் குறைவதை உடனே கண்டுபிடித்து மலையே அதிரும்படி சினக்கிறது. அனுபவிக்க முடியாத அளவு சொத்து வைத்திருக்கும் செல்வர், தாம் ஒருநாளும் பயன்படுத்தாத பொருள் காணாமற்போனதும் கொள்ளும் கோபத்துக்கு அதை ஒப்பிடுகிறார் கதைசொல்லி. ஸ்மௌக் அந்தக் கிண்ணத்தில் ஒருமுறையேனும் தண்ணீர் குடித்திருக்காது. மூத்தம்மா சொன்ன பாம்பும் இதுவும் ஒன்றுதான்.

இரண்டாம் முறை பில்போ போகும்போது ஸ்மௌக் விழித்திருக்கிறது. உருவம் தெரியாவிட்டாலும் மணத்தை வைத்து ஆள் இருப்பதை அறிந்து, மரியாதையாகப் பேச்சைத் தொடங்குகிறது. பில்போவும் சிகர்டைப்போலவே பெயரைச் சொல்லாமல் தன் பயண அனுபவங்களைப் பட்டங்களாக அடுக்குகிறார். அதில் ஒரு பெருமை அவருக்கு. ஆனால் பீப்பாய்மேல் வந்தவன் என்று ஒரு பட்டத்தைச் சொன்னதும், பீப்பாய்கள் ஆற்றுவழியாகச் செல்லும் ஏரி நகரத்தார்தான் இவர்களுக்கு உதவியிருக்க வேண்டும் என்று ஸ்மௌக் கணித்துவிடுகிறது. பிறகு அந்நகரம் எரிவதற்கு இந்த ஒரு சொல்லும் காரணமாகிறது. பெருமைக்காக வாய் தவறிய ஒரு சொல்லுக்கு ஓர் ஊரே விலை கொடுக்கிறது.

அதைவிட நுட்பமானது ஸ்மௌக் கேட்கும் ஒரு கேள்வி. பதினான்கில் ஒரு பங்கு உனக்குத் தருவதாகச் சொன்னார்களே, அதை எப்படி உன் ஊருக்குக் கொண்டு போவாய்? வண்டிக்கும் காவலுக்கும் வழிச்சுங்கத்துக்கும் என்ன செய்வாய்? அதைப்பற்றி உன் தோழர்கள் ஏதேனும் சொன்னார்களா? பில்போ திகைத்துப் போகிறார். அவர் அதைப்பற்றி நினைத்ததே இல்லை. நண்பர்கள் தன்னை ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் அந்தக் கணத்தில் அவர் மனதுக்குள் நுழைகிறது. நெருப்பு உடலைத்தான் சுடும். இந்தக் கேள்வியோ நட்பைச் சுடுகிறது.

திருத்தத் தெரியாத செதில்

இவ்வளவு வலிமையான டிராகனின் குறை என்ன? கதையின் தொடக்கத்திலேயே தோரின் ஒன்றைச் சொல்கிறான். டிராகன்கள் பொருள்களின் சந்தை விலையை அறியும். ஆனால் தாமாக ஒன்றையும் செய்யத் தெரியாதவை. தம் உடலில் தளர்ந்துபோன ஒரு சிறு செதிலைக்கூடத் திருத்திக்கொள்ள அவற்றுக்கு முடியாது. வாசிக்கும்போது இது ஒரு பகடிபோல் கடந்துவிடும். ஆனால் முழுக் கதையும் இதன்மேல்தான் நிற்கிறது.

நெடுங்காலம் பொன்மேல் படுத்ததால் ஸ்மௌக்கின் வயிற்றில் மணிகளும் பொற்றுண்டுகளும் ஒட்டிக் கவசமாகிவிட்டன. பில்போ புகழ்ந்து பேசியதும் அது பெருமையுடன் புரண்டு அக்கவசத்தைக் காட்டுகிறது. அப்போது இடப்பக்க மார்பில் ஒட்டாமல் விட்டுப்போன ஓரிடத்தை அவர் கண்டுகொள்கிறார். ஸ்மௌக்குக்கு அது தெரியாது. சொல்வதற்கு அதன் பக்கத்தில் யாரும் இல்லை. யாரையும் நெருங்கவிடாத ஒருவரின் குறையை யார் எடுத்துச் சொல்வார்?

பில்போ இதைத் தோழர்களிடம் சொல்வதை ஒரு பறவை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஏரி நகரம் எரியும் இரவில் அது பார்ட் என்னும் வில்வீரனிடம் செய்தியைச் சேர்க்கிறது. முன்னோர் வழியாக அவனுக்கு வந்த கறுப்பு அம்பு அந்த ஓரிடத்தில் பாய்கிறது. ஸ்மௌக் இறந்து நகரத்தின்மேல் விழுகிறது.

டிராகன் இறந்த பிறகு

சிறுவர் கதை என்றால் இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 19 அத்தியாயங்கள் கொண்ட நாவலில் ஸ்மௌக் இறப்பது 14ஆம் அத்தியாயத்தில். மிகுதி ஐந்து அத்தியாயங்களும் எதற்கு என்று நான் முதலில் சலித்துக்கொண்டேன். பிறகுதான் அவையே நாவலின் உயிர் என்று விளங்கிற்று.

வீடிழந்த ஏரி நகர மக்களுக்காகப் பார்ட் வந்து பங்கு கேட்கிறான். டிராகனைக் கொன்றவன் அவன். அவன் முன்னோரின் பொருள்களும் அந்தக் குவியலில் கலந்திருக்கின்றன. குள்ளர்களுக்கு உதவியதால் எரிந்தது அவர்களுடைய நகரம். ஆனால் தோரின் வாயிலைக் கல்லால் அடைத்துவிட்டு ஒரு காசும் தரமாட்டேன் என்கிறான். ஸ்மௌக் படுத்த அதே பொன்மேல் இப்போது தோரின் இருக்கிறான். இவன் கெட்டவன் அல்ல, வீரன், நாடிழந்து துன்பப்பட்டவன். இந்த மாற்றத்தை டிராகன் நோய் என்று சொல்லலாம்.

இந்நோய் பிடிக்காத ஒருவர் பில்போ. தோரின் எல்லாவற்றையும்விட விரும்பிய ஆர்க்கன் கல் என்னும் மணி அவர் கையில் கிடைக்கிறது. முதலில் அவரும் அதை ஒளித்துத்தான் வைக்கிறார். பின்னர் போரைத் தடுப்பதற்காக, இரவில் போய் எதிர்த்தரப்பிடம் அதைக் கொடுத்துவிடுகிறார். கொடுத்துவிட்டு அங்கேயே தங்காமல், தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் நண்பர்களிடம் திரும்பி வருகிறார். தோரின் அவரை மதிலிலிருந்து தூக்கி எறியப் பார்க்கிறான். இறுதியில் போரில் காயமுற்று இறக்கும்போது தோரின் தன் சொற்களை மீளப்பெற்று அவருடன் சமாதானமாகிறான். பில்போ இரண்டு சிறிய பெட்டிகளுடன் மட்டும் வீடு திரும்புகிறார். நகரத்தை மீளக் கட்டுவதற்காகக் கொடுக்கப்பட்ட பொன்னைத் திருடிக்கொண்டு ஓடிய ஏரி நகரத் தலைவனோ பாழ்நிலத்தில் பட்டினியால் இறக்கிறான்.

ஆகவே இந்நாவலில் டிராகன் என்பது ஒரு விலங்கு மட்டுமல்ல, ஒரு நிலை. பொன்மேல் யார் படுத்தாலும் அந்நிலை வரலாம். வள்ளுவர் பயன்படாத செல்வத்துக்கென்றே 'நன்றியில் செல்வம்' என ஓர் அதிகாரம் வகுத்தார். ஸகாத் கொடுக்காமல் சேர்த்துவைத்த செல்வம், மறுமையில் கொடிய பாம்பாக மாறி உரியவரின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, நானே உன் புதையல் என்று சொல்லும் என ஒரு ஹதீஸ் உண்டு. அதைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். வெவ்வேறு காலங்களிலும் நாடுகளிலும் புதையலுக்குப் பக்கத்தில் பாம்பையே வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது இந்நாவலை வாசித்த பிறகு எனக்கு வியப்பாக இருக்கிறது.

எனது கொப்பி

இனி நான் சொல்வதாகக் கூறிய விடயம். பொருளியல் பாடத்துக்கு நான் இரண்டு வருடங்களாக எழுதிய குறிப்புக் கொப்பி ஒன்று இருக்கிறது. வகுப்பில் தந்தது, மாலை வகுப்பில் தந்தது, கடந்தகால வினாத்தாள்களிலிருந்து நானே தொகுத்தது எல்லாம் அதில் உண்டு. என் தோழி ஒருத்தியின் உம்மா நோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவள் ஒரு மாதம் பாடசாலைக்கு வரவில்லை. திரும்பி வந்தவள், "கொப்பியை ரெண்டு நாளைக்குத் தாறியா? எழுதிட்டுத் தாறன்" என்று கேட்டாள். நான், "ராத்தா கொண்டு போயிட்டா" என்று சொன்னேன். கொப்பி அப்போது என் பையிலேயே இருந்தது.

காரணம் அவள்மேல் கோபம் அல்ல. உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி பார்க்கிறார்கள், மாவட்டத்தில் நிலை பார்க்கிறார்கள். அவளுக்கு ஒரு புள்ளி கூடினால் எனக்கு ஓரிடம் குறையலாம் என்று கணக்குப் பார்த்தேன். ஸ்மௌக் கேட்ட கேள்வி இதைப் போன்றதுதான். நட்பு இருக்கட்டும், உன் பங்கு என்ன ஆகும்?

கிண்ணம் காணாமற்போன பகுதியை அன்று இரவு வாசித்தேன். சிரித்துக்கொண்டுதான் வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். தோரின் வாயிலை அடைக்கும் இடத்துக்கு வருவதற்குள் இன்னும் ஒரு கிழமை போய்விட்டது. அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் கொப்பியைக் கொண்டுபோய், "அண்டைக்குப் பொய் சொன்னேன், மன்னிச்சுக்க" என்று கொடுத்தேன். அவள் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. "பையில இருந்ததைக் கண்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு நிலத்தில் பார்வை போயிற்று.

இரண்டு நாளில் கொப்பி திரும்பி வந்தது. கேள்வியின் விலை நெகிழ்ச்சி என்ற தலைப்புள்ள பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் இருந்தது. கேள்வித் தொகையின் நூற்றுவீத மாற்றத்தை விலையின் நூற்றுவீத மாற்றத்தால் வகுக்க வேண்டும். நான் மேலும் கீழும் மாற்றி எழுதியிருந்தேன். இரண்டு வருடங்களாக அதைத்தான் பாடமாக்கி வைத்திருந்தேன். பரீட்சை மண்டபத்திலும் அப்படியே எழுதியிருப்பேன். கொப்பியை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததால், அந்தப் பிழையைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

அவள் இன்னும் என்னுடன் முன்போல் பேசுவதில்லை. பேசுவாள் என்று நினைக்கிறேன். இந்தத் தவணையில் நாங்கள் நான்கு பேர் வியாழக்கிழமைகளில் நூலகத்தில் ஒரே மேசையில் இருந்து படிக்கிறோம். அந்த மேசைக்கு அவளும் வருகிறாள். கொப்பியை நடுவில் வைத்திருக்கிறோம்.